விண்வெளி வீரர் பதக்க மசோதாவும் என் மூன்று மாதமும்

நான் எழுதிய முதல் மசோதாவில் ஒரு யானை இருந்தது. அதைக் கண்டுபிடித்து நீக்கியதும் நான்தான். அதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை.

சட்டம் படித்துவிட்டு திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு பெண் வழக்கறிஞரின் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். மேடம் கோர்ட்டுக்குப் போவது குறைவு. எம்.பி.க்களுக்குத் தனிநபர் மசோதா எழுதித் தருவதுதான் பிரதான வேலை. அமைச்சராக இல்லாத எம்.பி. ஒருவர் தானாகவே அவையில் கொண்டுவரும் மசோதா அது. அப்படி வருபவற்றில் சட்டமாவது மிக அபூர்வம் என்று சேர்ந்த அன்றே மேடம் சொல்லிவிட்டார். எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். மேடம் வேண்டாமென்றால் ஊருக்குத் திரும்பி, அப்பாவின் நண்பரான பத்திர எழுத்தரிடம் போய் உட்கார வேண்டும் என்பது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு. வடக்கே கிணறு, தெற்கே பொதுவழி என்று ஆயுசுக்கும் எழுதுவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டரை மாதம் ஓடியபின் ஓர் எம்.பி.யிடமிருந்து வேலை வந்தது. விண்வெளிக்குப் போய்வரும் வீரர்களுக்குத் தேசியப் பதக்கம் வழங்க ஒரு மசோதா வேண்டுமாம்.

"இத நீயே பண்ணும்மா. சனிக்கிழமை நேரா டெல்லிக்கு அனுப்பிடு. நான் மைசூர்ல கல்யாணத்துல இருப்பேன்" என்றார் மேடம். என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்பது சொல்லாமலே புரிந்தது.

எங்கள் தொழிலில் எந்த மசோதாவையும் வெற்றுத் தாளில் தொடங்க மாட்டோம். ஏறக்குறைய அதே மாதிரியான பழைய மசோதாவின் ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவோம். எனக்குக் கிடைத்தது வனக் காவலர்களுக்கான பதக்க மசோதா. காடு என்று வரும் இடத்திலெல்லாம் விண்வெளி என்று வரும்படி கம்ப்யூட்டருக்கு ஓர் உத்தரவு போட்டேன். விண்வெளித் தீயை அணைத்தவருக்கும், விண்வெளியில் யானையிடமிருந்து பொதுமக்களைக் காத்தவருக்கும் பதக்கம் என்று வந்து நின்றது. தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு தீயையும் யானையையும் துரத்திவிட்டு, மூன்று முறை படித்துப் பார்த்து டெல்லிக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் அறைத்தோழியோடு ஸ்ரீராம்புரத்தில் தட்டு இட்லி சாப்பிடப் போனேன். அவளுக்கு ஆரணி. ஒரு கம்பெனியில், விண்கலத்தில் வீரர்கள் உட்காரும் இருக்கையின் பெல்ட்டை மெஷினில் மாட்டி, அறுகிறதா பார்க்கும் வேலை. அவளிடம் பீற்றிக்கொள்ளத்தான் மசோதாவை போனில் காட்டினேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே வரி வரியாகப் படித்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"அப்ப மேல போறவங்களுக்குப் பதக்கம் இல்லையாடி?"

"அவங்களுக்குத்தான்டி மசோதாவே."

"இந்திய எல்லைக்குள்ள செஞ்ச சேவைக்கு மட்டும்னு போட்டிருக்க. அவங்க ராக்கெட்ல ஏறிப் போயிடறாங்களே. நான்தான் இந்தியாவ விட்டு நகர்ந்ததே இல்ல. எனக்குக் குடுக்கச் சொல்லு."

காட்டுக்குச் சரியாக இருந்த வரி. வனக் காவலர் எல்லை தாண்டிப் போய் என்ன செய்யப்போகிறார்? அந்த வரியை நான் மூன்று முறையும் படித்துத்தான் தாண்டியிருந்தேன். அவள் என் இட்லியையும் சேர்த்துச் சாப்பிட்டாள். நான் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேடம் வந்து பையை வைப்பதற்குள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டி அந்த வரியைப் படித்தார். உடனே டெல்லிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எம்.பி.யின் உதவியாளர் இழுத்தார். "சாரி மேடம், இன்னும் திறந்தே பார்க்கவில்லை" என்று இந்தியில் சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. ராப்பகலாக எழுதியதை ஒருவர் திறந்துகூடப் பார்க்கவில்லையே.

"ஸ்வல்ப இரும்மா" என்று, கொஞ்சம் இரு என்பதைக் கன்னடம் கலந்து சொல்லிவிட்டு, மேடம் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். அவரே சில வருடங்களுக்கு முன் எழுதிய ஒரு மசோதா திறந்தது. வெளிநாடுகளில் அமைதிப் பணிக்குப் போகும் நம் சிப்பாய்களுக்கான பதக்கம். ஐந்தாவது பிரிவில் அதே வரி: இந்திய எல்லைக்குள் ஆற்றிய சேவைக்கு மட்டும்.

அது அவையில் வைக்கப்பட்ட மசோதா. அச்சாகிப் போனது. இன்றுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது, தெரியுதா?"

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "அப்ப நான் இங்கயே இருந்துட்டா நல்லது மேடம்" என்றேன். "வேற எடத்துக்குப் போனா வாய் சும்மா இருக்குமான்னு தெரியல."

மேடம் என்னையே பார்த்தார். வாயைக் கொடுத்துக் கெட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"மொதல்ல அந்த வரிய திருத்து" என்றார். "அப்புறம் ஒனக்கு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் அடிக்கலாம். அத நானே அடிக்கறேன், நீ படிச்சுப் பாரு."

இந்தியாவிலோ, வெளிநாட்டிலோ, பூமிக்கு வெளியிலோ ஆற்றிய சேவைக்கு, என்று திருத்தினேன். எந்தப் பழைய ஃபைலிலும் இல்லாத வரி அது, நானே எழுதியது. அடித்து முடிப்பதற்குள் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்ததால், ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன்.