பவுனம்மாளுக்கு வந்த பேர்

செலியமேட்டில் அந்த வியாதியின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ‘அது’ என்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொல்லாதவர்களுக்கு மட்டும் வராமலா இருந்தது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், நடவுக்காரி பவுனம்மாளின் இடது பாதம் மரத்துப்போனது. முள் குத்தினாலும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புருஷன் இல்லாதவள். விஷயம் வெளியே தெரிந்தால் நடவு வரிசையில் இடம் போகும், ஊருக்கு வெளியேதான் குடிசை போடவேண்டும்.

பாகூர் மாதா கோயில் உபதேசியார் மரியதாஸுக்குப் பிரெஞ்சு எழுத்துகூடத் தெரியும், விவரம் சொல்வார் என்று அவரிடம் ஓடினாள்.

“அத ஏன் சாமி வெளியூர்ல பெருவியாதின்றாங்க? தூரத்து சொந்தம் ஒருத்தருக்கு வந்துகீது.”

“பயம்தாம்மா. குஷ்டத்துக்குப் பெரிய பேரா வச்சி எட்ட நின்னுக்கறது. பிரெஞ்சுக்காரனும் அப்பிடித்தான். வேதத்துல லாசர்னு ஒரு பிச்சைக்காரன், ஒடம்பெல்லாம் புண்ணு, பணக்காரன் வாசல்ல கெடந்தான். அந்தப் பேர லாத்ருன்னு திருப்பி, இந்த நோயாளிக்கு வச்சிட்டான். அப்புறம் தோலு மரத்தவனுக்கு அந்தப் பேரு. கடைசில ஈவு எரக்கமில்லாத கஞ்சனுக்கும் அதே பேரு.”

“நல்லா கீது நாயம்! கஞ்சன் வூட்டுக்குள்ள இருந்த பணக்காரன். பேரு மட்டும் வாசல்ல கெடந்தவன்துதா?” என்றாள் பவுனம்மாள். உபதேசியார் அவள் காலைப் பார்த்தார். அவள் நிற்காமல் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் நடவு. சேற்றில் அட்டை கடித்தால் பெண்கள் கத்திக்கொண்டு காலைத் தூக்குவார்கள், பக்கத்தில் இருப்பவள் பிடுங்கி எறிவாள். தான் மட்டும் கத்தாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று பவுனம்மாளும் நடுநடுவே கத்தினாள். அவசரத்தில் வலது காலைத் தூக்கினாள்.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த காசம்மாள் குனிந்தாள். கூடவே வளர்ந்தவள், தாயும் பிள்ளையுமாய்ப் பழகியவள்.

“இதுல ஒண்ணும் இல்லியே. அந்தக் கால தூக்கு.”

இடது குதிகாலில் கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு அட்டை, குடித்துக் குடித்து உருண்டுபோய்த் தொங்கியது. அவ்வளவு நேரம் கடித்தது பவுனம்மாளுக்குத் தெரியவே இல்லை. காசம்மாள் அதைப் பிடுங்கவில்லை. நாற்று முடியை எடுத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளிப்போய் நட ஆரம்பித்தாள். வரிசையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று பவுனம்மாளுக்கு உயிர் வந்தது.

மத்தியானம் வரப்பில் கஞ்சி. ஒரே கொட்டாங்கச்சி கைக்குக் கை மாறும், அதுதான் வழக்கம். பவுனம்மாள் கை நீட்டியபோது காசம்மாள் கொட்டாங்கச்சியைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றாள். பண்ணை வீட்டுக்காரர்கள் இவர்களுக்கு ஊற்றுவதுபோல, மேலே தூக்கிப் பிடித்துக் கைக்குழியில் ஊற்றினாள். மற்ற பெண்கள் வாய் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

பவுனம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

“சொல்லிடுடி.”

“இன்னாத்த?”

“பெருவியாதிக்காரின்னு. வாயத் தொறந்து சொல்லிட்டு ஊத்து.”

காசம்மாள் பேரைச் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, அழுதுகொண்டே ஊற்றினாள். கையை மட்டும் தாழ்த்தவில்லை.