ஜெபமாலையில் என் பேர்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது.

நான் பிரம்மதேசத்தில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் இடையஞ்சாவடி பக்கம் ஒரு தியான வகுப்புக்குப் போவேன். கண்ணை மூடி, ஒவ்வொருவராக நினைத்து, நல்லா இருக்கட்டும் என்று மனசார வாழ்த்த வேண்டும். பிடித்தவர்களில் தொடங்கி, பிடிக்காதவர்கள் வரை. தெரு நாயை நினைத்தால்கூட எனக்குக் கண் கலங்கிவிடும். என் மகளையும் அவள் புகுந்த வீட்டையும் மட்டும் தாண்டிப் போய்விடுவேன். அவள் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. சம்பந்தி முகத்தைப் பார்த்ததுகூட இல்லை. உப்பளத்தில் கூலி வேலை செய்கிற குடும்பம் என்று கேவலமாகப் பேசியது மட்டும் உண்டு.

அன்றைக்கு வகுப்பு முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்துக்குள் ஒரு கொட்டகை தெரிய, ஒதுங்கலாம் என்று மண் பாதையில் இறங்கினேன். வண்டி வழுக்கி, வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தேன். கால் வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டது. வாயெல்லாம் உப்புத் தண்ணீர். மூச்சு முட்டியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

உப்பு கரைவதற்குள் மூட வேண்டுமே என்று பெண்கள் குவியல்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நேரம். அதில் ஒரு அம்மா கையிலிருந்த தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு வந்து, வாய்க்காலில் இறங்கி என் தலையைத் தூக்கிப் பிடித்தார். அவர் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் ஓடிவந்து வண்டியை நகர்த்தினார்கள். கொட்டகையில் உட்காரவைத்து, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரால் என் காயத்தைக் கழுவினார் அந்த அம்மா. கழுத்தில் ஜெபமாலை. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நடுவே என் பேர் காதில் விழுந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பேரு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர் தயங்கினார். "உங்க பொண்ணு எங்க வீட்லதாங்க இருக்குது. போன்ல உங்க போட்டோவப் பாத்துகினே இருக்கும்."

"உங்களை எவ்வளவோ பேசியிருக்கேனே. எனக்காகவா ஜெபம் பண்றீங்க?"

"அது அழுவுறதப் பாக்க முடியாமதாங்க ஆரம்பிச்சேன். மொதல்ல பல்லக் கடிச்சிகினுதான் உங்க பேரைச் சொல்லுவேன். அவ்ளோ கோவம். தெனம் சொல்லிச் சொல்லி, அது எப்ப போச்சின்னே தெரியலங்க. இப்பல்லாம் எங்க அண்ணன நெனச்சிக்கிற மாதிரி இருக்குது."

காயத்தைக் கழுவி முடித்து நிமிர்ந்தார்.

"பொண்ணுக்குப் போன் போடட்டுங்களா?" என்றார். தலையாட்டினேன்.

அரை மணி நேரத்தில் மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். "அப்பா, ரொம்ப வலிக்குதா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெளியே, அந்த அம்மா மூடாமல் விட்ட குவியல் பாதி கரைந்துபோயிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மகளின் ஈரத் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தார்.

நான் வெறுத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஒருவர் என்னை நேசிக்கப் பழகிக்கொண்டிருந்தார் என்ற நினைப்பு, இன்றைக்கும் என் கோபத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.