மொட்டைமேட்டு ரோகினி

சிரம்பானை அடுத்த மம்பாவில் ரோகினியின் பள்ளி வேனைத் தெரியாத வீடு குறைவு. இருட்டு விலகும் முன்பே பிள்ளைகளை வாசல் வாசலாக ஏற்றிக்கொண்டு, புக்கிட் செராயா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் இறக்குவாள். தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் அதிகமில்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை போட்டாயிற்று. குலை வெட்டுகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்கள். டவுனுக்குக் குடிபோனவர்களின் பிள்ளைகள் வேனில் வருவதால்தான் பள்ளி நிற்கிறது.

பிள்ளைகளை இறக்குவதற்கும் மறுபடி ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு முழுக் காலைப்பொழுது சும்மா கிடந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் வண்டி எண்ணெய் வீண். மற்ற வேன்காரர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். ரோகினிக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. இனிப்புநீர் வியாதி வேறு வந்திருந்தது. "மருந்து பாதி, நடை பாதி" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது என்று யோசித்தவள், பள்ளிக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறும் டிராக்டர் பாதையில் ஒருநாள் கால் வைத்தாள்.

முதல் நாள் செம்பனை முடிகிற இடம் வரைக்கும்தான் மூச்சு தாங்கியது. அடுத்த மாதம் அதற்கு மேலே, யாரும் வெட்டாமல் விட்டுவிட்ட பழைய பால்மரக்காடு வரை போனாள். அங்கே பாதை ஒற்றையடியாகச் சுருங்கும். காய்ந்த இலை மேல் கால் வைத்தால் அட்டை ஏறும். அதனால் நிற்காமல் நடக்க வேண்டும். காடு தாண்டியதும், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல வானம் வெளுக்கும். அதுதான் மொட்டைமேடு.

எந்தக் காலத்திலோ தீப்பிடித்து எரிந்த இடமாம். அதன்பிறகு மரம் என்று ஒன்று அங்கே தலைதூக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் லாலான் புல், இடுப்பளவு பெரணி, நடுநடுவே ஊதாப் பூவோடு செண்டுடுக் செடிகள், யானை படுத்த மாதிரி கரும்பாறைகள். காற்று ஓயாது. புல் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்து, மறுபடி சாயும். வெயில் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே போர்டிக்சன் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ரோகினி பாறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து மழை இல்லாத நாளெல்லாம் ஏறினாள். வீட்டில் ரொம்பப் பேசவில்லை. அவள் கணவன் மணியம் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். "மலையில போயி என்னா செய்யிற?" என்று கேட்டார். "நடக்குறேன்" என்றாள். அதோடு விட்டுவிட்டார்.

இரண்டாவது வருஷம், நவம்பர் மாதம் ஒருநாள், மேட்டின் மேல் இருந்தபோது பனிமூட்டம் இறங்கியது. கடல் மறைந்தது, பிறகு பாறைகள், பிறகு தன் முழங்காலுக்குக் கீழே இருந்த புல்லே மங்கலாகிவிட்டது. இரட்டைப் பாறையைச் சுற்றிக்கொண்டு போனால் இறங்கும் பாதை என்பது அவள் கணக்கு. சுற்றினாள். பாதை இருந்தது. இறங்கினாள். வெகு நேரம் இறங்கிய பிறகும் பால்மரம் வரவில்லை, மூங்கில் வந்தது. வேறு பாதையில் இறங்கிவிட்டது அப்போதுதான் புரிந்தது. கைப்பேசியில் லைன் இல்லை. திரும்பி ஏறினால் மறுபடி அந்த மூட்டத்துக்குள்தான் போக வேண்டும். கீழே சேவல் கூவும் சத்தம் கேட்டது. ஆள் இருக்கிற பக்கம் போவோம் என்று அந்தச் சத்தத்தை நோக்கி இறங்கினாள்.

போய்ச் சேர்ந்தது மலைக்கு மறுபக்கத்து மலாய்க் கம்பம், ஒரு சின்னக் கிராமம். டுரியான் பழத் தோப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், சேறும் முள்கீறலுமாக வந்து நின்றவளைப் பார்த்து மெஷினை நிறுத்தினார். பாக் ஹாஷிம் என்று பெயர் சொன்னார். ரோகினி தனக்கு வந்த மலாய்மொழியில் பிள்ளைகள் காத்திருப்பதைச் சொன்னாள். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. தன் பழைய பிக்-அப்பில் கிடந்த வாழைத்தார்களை ஒதுக்கி இடம் பண்ணினார். மலையைச் சுற்றி ரோடு வழியாகத் தோட்டத்துக்கு வர நெடுநேரம் ஆனது. வழியெல்லாம் ரோகினி அழுதுகொண்டே வந்தாள்.

பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் ஆபீஸ் வாசலில் வரிசையாக உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை துஷ்யந்தி பிஸ்கட் டின்னோடு நடுவில் நின்றிருந்தார். ரோகினியை மேலும் கீழும் பார்த்து, "முதல்ல காலில இருக்கிற அட்டையை எடுங்கோ. பிறகு பேசலாம்" என்றார்.

ஆனால் பெற்றோர்கள் அப்படி விடவில்லை. தங்கராஜு என்பவரின் மகள் மூன்றாம் வகுப்பு. அவர் வேலையைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்திருந்தார்.

"என்னாக்கா இது? பிள்ளைங்கள விட்டுட்டு மல ஏறப் போயிட்டீங்களா? ஒங்கள நம்பித்தானலா அனுப்புறோம்!"

"தப்புதான் தம்பி. இனிமே நடக்காது."

நடக்காது என்று சொன்னவள் நடக்கவும் இல்லை. மற்றவர்களைப்போலச் சீட்டைச் சாய்த்துப் படுத்தாள். தூக்கம் வரவில்லை, கைப்பேசியை உருட்டினாள். முன்கண்ணாடி வழியாக மேடு தெரிந்ததால் வேனைத் திருப்பி நிறுத்தினாள். அப்போதும் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. இனிப்புநீர் மறுபடி ஏறியது. டாக்டர் கேட்டபோது, "மழக்காலம் டாக்டர்" என்று சமாளித்தாள்.

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்த வாரத்தில் வேன் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். துஷ்யந்தி நின்றிருந்தார்.

"அக்கா, மேல என்ன இருக்கு?"

ரோகினி எழுந்து உட்கார்ந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "ஒண்ணுமில்ல டீச்சர், வெறும் புல்லு" என்றாள்.

"வெறும் புல்லுக்கா ஒரு வருஷம் ஏறினீங்கள்? நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து ஆபீஸ் ஜன்னலால அந்த மேட்டைப் பார்க்கிறேன். ஒருநாளும் போனதில்லை. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போவீங்களா?"

சனிக்கிழமை பிள்ளைகள் இல்லை, மணி அடிக்காது. ரோகினிக்கு அது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

துஷ்யந்தி அம்பாங்கானில் இருந்த தன் வீட்டிலிருந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நிதானமாக ஏறினார்கள். மேட்டில் காலை வைத்ததும் தலைமையாசிரியையின் குடை காற்றில் பறந்து பெரணிக்குள் போய் விழுந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர், கடலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, "பசிக்குது அக்கா" என்றார். ரோகினி கொண்டுபோன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பாறை மறைவில் பிரித்துப் பசியாறினார்கள்.

மூட்டம் வந்தாலும் வழி தவறாமல் இருக்க என்ன செய்வது என்று அங்கேயே பேசினார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தைத்த பழைய சிவப்புக் கொடிகளைக் கிழித்துச் செடிகளில் கட்டலாம் என்றார் துஷ்யந்தி. கட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை போனால் பாதியைக் குரங்குகள் அவிழ்த்திருந்தன. ஒரு குரங்கு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இருவரும் சிரித்த சிரிப்பில் அன்றைய நடையே பாதியில் நின்றது. பிறகு தோட்டத்தில் வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோர் திருநாவுக்கரசு, செம்பனைக்கு நம்பர் போட்டு மிஞ்சிய வெள்ளைச் சாயத்தைக் கொடுத்தார். பாறைக்குப் பாறை அம்புக்குறி போட்டார்கள். தோட்டத்து மேனேஜரிடம் அனுமதி கேட்டபோது, கேட் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றார்.

செய்தி மெல்லப் பரவியது. முதலில் இரண்டு அம்மாமார் வந்தார்கள். பிறகு பள்ளிச் சமையற்கட்டுக்கார மோகனா வந்தாள். ஒரு சனிக்கிழமை, புதிதாக வாங்கிய விளையாட்டு உடுப்போடு தங்கராஜு வந்து நின்றார். ரோகினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒடம்பு வெயிட் போட்டுருச்சிக்கா. அதான்."

"வாங்க தம்பி. மெதுவாப் போவோம்."

பால்மரக்காட்டு ஏற்றத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. ரோகினி நின்று காத்திருந்தாள். "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன்" என்றார் அவர், முட்டியைப் பிடித்துக் குனிந்தபடியே. "எம்பிள்ளையா இருந்தா நானும் பேசியிருப்பேன்" என்றாள் அவள்.

பனிமூட்டத்தில் தெரியாமல் இறங்கிய அந்த மறுபக்கத்துப் பாதையில், போன டுரியான் பருவத்தில் எல்லாருமாகத் தெரிந்தே இறங்கினார்கள். மூங்கில் தாண்டித் தோப்புக்குப் போனதும், ரோகினி ஒரு டப்பா முறுக்கை பாக் ஹாஷிமிடம் நீட்டினாள். அவர் அவளை அடையாளம் கண்டு, "இன்றைக்கும் வழி தப்பிவிட்டதா?" என்று மலாயில் கேட்டார். பழம் உடைத்துக் கொடுத்து, அவர்கள் போதும் போதும் என்னும்வரை விடவில்லை. துஷ்யந்தி பிள்ளைகளுக்கென்று ஒரு சாக்குப் பழம் கட்டிக்கொண்டார். அதோடு ஏற முடியாமல், எல்லாரும் பிக்-அப் பின்னால் உட்கார்ந்து ரோட்டு வழியாக ஊர் திரும்பினார்கள்.

வார நாட்களிலும் ரோகினி நடக்கிறாள். ஆனால் பால்மரக்காட்டு விளிம்போடு திரும்பிவிடுவாள். இடைவேளை மணி அங்கே வரை கேட்கும், லைனும் கிடைக்கும். மேடு சனிக்கிழமைக்குத்தான்.

சென்ற மாதம் சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேலை வந்தது. பகல் முழுக்க ஓட்டம், சனிக்கிழமையும் உண்டு, வருமானம் கூட. மணியம் ஆசையோடு சொன்னார். ரோகினி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்தாள்.

"வேணாங்க. இருக்கிறதே போதும்."

"மல ஏறணுமாக்கும்?"

"ஆமா."

மணியம் தட்டை நீட்டினார். "ஒன் இஷ்டப்படி செய்யி. இப்பதான் நீ மனுசியா இருக்கே" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

இந்தச் சனிக்கிழமை புதிதாக, ஓடைக்கரை ஓரமாக ஏறிப் பார்க்கலாம் என்று துஷ்யந்தி சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் இருவாச்சிப் பறவைகள் வருகின்றனவாம். மழை பெய்தால் அதற்கடுத்த வாரம் போவார்கள்.