மாமி கடலில் இறங்கிய நாள்

கப்பலின் சின்ன அறையில், கட்டிலின் மேல் தீவின் வரைபடத்தை விரித்து வைத்து, மறுநாள் எங்கெங்கே போகப் போகிறோம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் கதிரையில் இருந்த மாமி, என் கணவரின் உம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாப்பாட்டு மண்டபத்தில் இருந்து கொண்டு வந்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பழைய கோட்டை, பூந்தோட்டம், மலை உச்சியில் ஒரு பார்வையிடம். நான் விரல் வைத்த ஒவ்வொரு இடத்துக்கும் “ஓம்”, “ஓம்” என்று தலையை ஆட்டினார். நான் சொல்லி முடித்த பிறகு தோலைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்:

“இந்தத் தீவுல கடல்ல எறங்க ஏலாதா, புள்ள?”

கரீபியன் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கடற்கரையைத்தான் தேடுவார்கள். நான் அதைத்தான் முதலில் நீக்கியிருந்தேன். ஐந்து வேளைத் தொழுகையும் தவறாத, தலையில் இருந்து முந்தானை நழுவாத ஒரு பெண்ணை, அரைகுறை உடையில் ஆட்கள் வெயில் காயும் மணலுக்கு எப்படிக் கூட்டிப்போவது என்ற யோசனைதான்.

அதுவரை மாமியை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மாமியும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பழக்கம் குறைவு. நான் கல்முனைக்குடிப் பெண். அவர் நிந்தவூர். பெருநாளுக்குப் பெருநாள் பார்த்துக்கொள்வோம். பிறகு நானும் கணவரும் கனடாவுக்கு வந்துவிட்டோம். மாமா மௌத்தாகி, விதவைக்குரிய இத்தாவை மாமி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து முடித்த பிறகு, ஒரே மகனான என் கணவர் அவரை டொராண்டோவுக்கு அழைத்துக்கொண்டார். அப்போதுதான் நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் நின்றோம்.

நிந்தவூரில் அவருக்குப் பெயரே தேவையில்லை. மிஸ்ஸி என்றால் போதும். முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதாக வேலை பார்த்தவர். வெள்ளைச் சேலையைக் கணுக்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு பிரசவம் பார்க்கச் சைக்கிளில் வீடு வீடாகப் போனவர். கொஞ்ச காலம் இறக்காமத்தில் வேலை. யானை வரும் பாதையில், முன்னால் ஒருவர் பந்தம் பிடிக்க, பின்னால் பிரசவப் பெட்டியோடு நடந்து போனதை என் கணவர் பெருமையாகச் சொல்லுவார். அப்படி ஓடித் திரிந்த மனிசி, எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் அமர்ந்து பனி விழுவதைப் பார்த்தபடி இருந்தார். சமைக்கப் போனால் “நீங்க இரிங்க மாமி” என்பேன். வெளியே போகக் கிளம்பினால் “வழுக்கும் உம்மா” என்று மகன் தடுப்பார். நாங்கள் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவர் பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

குளிரில் இருந்து ஒரு வாரம் தப்பிக்கலாம் என்று கணவர்தான் இந்தக் கப்பல் பயணத்தைப் பதிவு செய்தார். அவர் மனதில் இன்னொரு திட்டமும் இருந்தது. வெயிலிலே உம்மா கொஞ்சம் சந்தோசமாக இருக்கும்போது, நிந்தவூர் வீட்டை விற்றுவிட்டு எங்களோடே நிரந்தரமாக இருக்கும்படி கேட்க வேண்டும். அதற்கு நானும் சம்மதித்திருந்தேன்.

கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் என்ன பார்ப்பது என்று திட்டமிடுவது என் பொறுப்பு. அது ஒரு தனிக் கலை என்று பயணத்துக்கு முந்திய வாரங்களில் கண்டுகொண்டேன். தூரமான இடத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்துக்குக் கிட்ட உள்ளதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் பிந்தினாலும் கப்பல் காத்து நிற்கும். நாமாக டாக்சி பிடித்துப் போய்ப் பிந்தினால், கரையில் நின்று கப்பலின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். மாமியின் முழங்கால் வலிக்கு ஏற்ற மாதிரி படிகள் குறைந்த இடங்களாகத் தேடி, கப்பல்காரர்களின் பஸ்ஸிலேயே மூன்று இருக்கைகள் எடுத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி.

கட்டிலின் மறுபக்கம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். “உம்மா, அங்க வெள்ளக்காரனுகள் அரையுங்குறையுமாக் கிடப்பானுகள். உங்களுக்குச் சரிவராது.”

“நான் அவனுகளப் பாக்கவா போறன்?” என்றார் மாமி. “வயசெல்லாம் புள்ளப்பேறு பாத்தவள் நான். மனிசர்ர ஒடம்பு எனக்குப் புதினமா?”

“உங்களுக்கு நீந்தத் தெரியுமா?”

“தெரியாது. தெரியாதபடியாத்தானே கேக்கிறன்.”

“கடல் எண்டா விளையாட்டு இல்ல உம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கதவு மூடிய விதத்தில் கோபம் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். சுனாமி வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். கடற்கரைப் பக்கம் விளையாடப் போனவர், தண்ணீர் துரத்தத் துரத்த ஓடித் தப்பியவர். கூட ஓடியவர்களில் சிலர் திரும்பவில்லை. அதன் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை. இந்தக் கப்பலில்கூட, ஜன்னல் இல்லாத அறையைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

மாமி தோடம்பழத்தை இரண்டாகப் பிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். “அவன்ட பயம் எனக்கு வெளங்கும் புள்ள. அந்த நேரம் அகதி முகாமில நான்தான் நிண்ட. ஒரு பக்கத்தால மையத்துக் கொண்டு போறாங்க, மத்தப் பக்கத்தால புள்ள பொறக்குது. எனக்கு அழ நேரம் கிடைக்கல்ல. கடலோட கோவிக்கவும் நேரம் கிடைக்கல்ல.” கைகளைத் துடைத்துக்கொண்டார். “பொறந்த நாள்ல இருந்து கடல்ர சத்தத்திலதான் நித்திர கொண்ட. ஆனா முழங்காலுக்கு மேல நனஞ்சதில்ல. குமரா இருக்கக்க விட மாட்டாங்க. பொறகு வேலை. பொறகு மிஸ்ஸி கடல்ல குளிக்கா எண்டு ஊர் சிரிக்கும். இஞ்ச என்னய ஆருக்குத் தெரியும்?”

நான் வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கரைச் சுற்றுலாவுக்கான மேசையில் அந்தத் தீவிலேயே பிறந்த பெண் இருந்தாள். பஸ் இருக்கைகளை ரத்து செய்யச் சொன்னேன். பிறகு, கூட்டமும் பாட்டும் இல்லாத, தீவின் குடும்பங்கள் குளிக்கப் போகும் கடற்கரை எது என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தீவின் மேற்குப் பக்கத்தில் அலை இல்லாத ஒரு குடாவைக் காட்டினாள். காலையிலேயே போய்விடுங்கள், அந்த நேரத்தில் எங்கள் அம்மாக்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள் என்றாள். கப்பல் கடையில் மாமியின் அளவுக்கு நீளக் கை வைத்த நீச்சல் சட்டை ஒன்றும் கிடைத்தது. அதற்குக் கீழே கறுப்புக் காற்சட்டை, மேலே முழங்கால் வரை வரும் அவருடைய சொந்தச் சட்டை, தலைக்கு இறுக்கமான தொப்பி. கண்ணாடியில் பார்த்துவிட்டு “விண்வெளிக்குப் போற ஆள் மாதிரி இரிக்கி” என்று மாமி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

கணவரும் காலையில் எங்களோடு வந்தார். ஆனால் சப்பாத்தும் காலுறையும் போட்டு, கந்தோருக்கு வேலைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். “டாக்சியில போய்ப் பிந்தினா என்ன செய்வம்?” என்று மட்டும் கேட்டார். “கப்பல் போனா இன்னொரு கப்பல் வராதா?” என்றார் மாமி.

எங்களுக்கு வாய்த்த டாக்சிக்காரி மாமியின் வயதை ஒட்டிய, உரத்துச் சிரிக்கிற பெண். அவள் ஆங்கிலத்தில் பேசினாள். மாமி தமிழில் பதில் சொன்னார். நான் இடையில் மொழிபெயர்க்க முயன்று, தேவையில்லை என்று விட்டுவிட்டேன். மலை உச்சியில் காரை நிறுத்தினாள். கீழே எங்கள் கப்பல் ஒரு வெள்ளைப் பல் மாதிரி துறைமுகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டையைக் காருக்குள் இருந்தே பார்த்தோம். மாமிக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. கண் கடலின் மேலேயே இருந்தது.

குடாவை அடைந்தபோது நான் பயந்தது ஒன்றும் அங்கே இல்லை. தென்னை மரங்கள், கரையில் இழுத்து விட்ட இரண்டொரு மீன்பிடித் தோணிகள். தண்ணீரில் நெஞ்சளவு ஆழத்தில் வயதான பெண்கள் வட்டமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சட்டையோடு, சிலர் தலையில் வைக்கோல் தொப்பியோடு. எங்கள் ஊர்க் குழாயடியில் குடத்தோடு நின்று கதைப்பது போலவே இருந்தது. மாமி அவர்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

முழங்கால் வரை வந்ததும் நின்றார். அதற்கு மேல் அவருக்குப் புதிய எல்லை. இடுப்பு நனைந்தபோது “யா அல்லாஹ்” என்று ஒரு தரம் மூச்சை இழுத்தார். வட்டத்தில் நின்ற பெண்களில் ஒருவர், பெரிய உடம்புக்காரி, எதுவும் கேட்காமல் இரண்டு கைகளையும் நீட்டினார். மாமி என்னை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்தார். பிரசவ நேரத்தில் எத்தனை பெண்கள் அவருடைய கையை அப்படிப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அவரை மல்லாக்கச் சாய்த்து, முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, மெல்ல அதை எடுத்துவிட்டார். மாமி மிதந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கை இரண்டையும் விரித்து, என் மாமி கடலின் மேல் கிடந்தார்.

அந்த நேரம் தூரத்தில் போன ஒரு படகின் அலை குடாவுக்குள் வந்தது. பெரிய அலை இல்லை. ஆனால் அது மாமியின் முகத்தை மூடியது, அவர் தலை ஒரு கணம் தண்ணீருக்குள் போனது. நான் கையை நீட்டுவதற்குள் பின்னால் “உம்மா!” என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். கரையில் பையோடு நின்ற கணவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். சப்பாத்து, காலுறை, சட்டைப் பையில் போன், எல்லாவற்றோடும்.

அவர் வந்து சேர்வதற்குள் மாமி எழுந்து நின்று இருமி, உப்புத் தண்ணீரைத் துப்பி, கண்ணைக் கசக்கிப் பார்த்தார். எதிரில் மகன், இடுப்பளவு கடலில்; தெளிந்த தண்ணீரின் அடியில் அவருடைய சப்பாத்து.

“ஏன்டா மகன், சப்பாத்தோட வந்திரிக்காய்?”

கணவர் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றி நின்ற பெண்கள் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாமி அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, “வந்ததுதான் வந்தாய், கொஞ்சம் நில்லு. ஒண்ணும் செய்யாது. நான் இரிக்கன்” என்றார். அவர் நின்றார். அவருடைய மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. தண்ணீர் எங்கள் மூவரையும் சின்னதாகத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது டாக்சிக்காரி இருக்கைகளில் துவாய்களை விரித்துவிட்டு, கணவரின் சப்பாத்தில் இருந்து வடிந்த தண்ணீரைக் கண்டு வழி முழுக்கச் சிரித்தாள். கப்பலுக்கு நல்ல நேரத்துக்கே வந்து சேர்ந்தோம்.

அன்று மாலைச் சாப்பாட்டின்போது, நிரந்தரமாக இருக்கும் கதையைக் கணவர் எடுப்பதற்கு முன்பே மாமி சொல்லிவிட்டார். “மகன், நான் ஊருக்குப் போறன். நீங்க ரெண்டு பேரும் ஒரு குறையும் வைக்கல்ல. ஆனா எனக்கு ஒரு வேலையும் இல்லாம இரிக்க ஏலா.”

“அங்க தனியா எப்புடி உம்மா இரிப்பீங்க?”

“தனியா? நான் கையால எடுத்த புள்ளைகள் ஊர் முழுக்க இரிக்கி. அதுல ஒண்டு இப்ப டொக்டர்.”

கணவர் சம்மதிக்கச் சில மாதங்கள் ஆயிற்று. நானும் மாமியின் பக்கம் நின்று பேசினேன். கடைசியில் அவரே உம்மாவைக் கொழும்பு வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

போன ஆடி மாதம், கிழக்குக் கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கும் காலத்தில், நாங்கள் நிந்தவூருக்குப் போயிருந்தோம். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு மாமி என்னை வெளிக்கிடச் சொன்னார். கடற்கரையில், தோணிகளுக்கு அப்பால், ஏற்கெனவே நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருவர் கல்முனையில் இருந்து முதல் பஸ்ஸில் வரும் ஓய்வு பெற்ற தமிழ் மிஸ்ஸி, மாமியோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர். தொடக்கத்தில் ஊரில் சிலர் முணுமுணுத்தார்களாம். மாமி அவர்களிடம் ஒன்றும் வாதாடவில்லை. “உன்ட பெண்சாதியையும் கூட்டி வா, முழங்கால் நோவுக்கு நல்லம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் கூட்டி வந்து விட்டுப் போனார்களாம். என் கணவர் கொஞ்சம் தள்ளி, பெண்களுக்கு முதுகு காட்டி, கணுக்கால் வரை தண்ணீரில் நின்று மீனவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

நானும் இந்தக் கரையில் பிறந்தவள்தான். நானும் ஒருநாளும் இந்தக் கடலுக்குள் போனதில்லை. சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் நின்று மாமி கையை நீட்டினார்.

“பயமா, புள்ள?”

“ஓம் மாமி.”

“நல்லம். பயந்து பயந்தே வா.”

நான் போனேன்.