ஸ்டெல்லா இல்லாத ஸ்டாஃப் ரூம்

போன வாரம் பள்ளிக்கூடம் போனேன். திறப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் போனேன். லெசன் பிளானைப் புதுப்பிக்க வேண்டுமாம்!

ஏன், அதை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாதா? முடியும். ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மகள் பாரீஸில். அவள் அப்பா சுவரில், மாலையோடு.

நான் சயின்ஸ் டீச்சர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் லீவு முடியும் முன் நானும் கணக்கு டீச்சர் ஸ்டெல்லாவும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துவிடுவோம். நான் பாடம் நடத்துவேன். அவள் கடைசி பெஞ்ச் மாணவியாக மாறிவிடுவாள். "குண்டூசி முழுகுது, கப்பல் ஏன் மிஸ் முழுகல?" அவள் மடக்கிய இடத்தில் எல்லாம் என் பாடம் திருந்தும்.

இந்த வருஷம் அவளுக்குக் காரைக்காலுக்கு டிரான்ஸ்ஃபர். ஆர்டர் ஆளை மாற்றிவிடுகிறது. பழக்கத்தை யார் மாற்றுவது?

மிதத்தல் பாடத்தை எடுத்தேன். எங்களிடம் வைத்திக்குப்பம் மீனவப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். பக்கெட்டில் டம்ளரை மிதக்கவிட்டது போதும், இந்த முறை அவர்கள் வீட்டு போட்டிலிருந்தே தொடங்கலாமே! எழுதினேன். வாய்விட்டு நடத்தியும் பார்த்தேன். எதிரில் யாரும் இல்லை... ஃபேன் சத்தம் மட்டும்.

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன்.

"இன்னாடி, அதுக்குள்ள ஸ்கூலுக்குப் போய்ட்டியா?" – அவள் குரலுக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. "இங்க எல்லாரும் சேர்ந்து சார்ட் ஒட்டிக்கிட்டு இருக்கோம். அப்புறம் பேசறேன்டி."

சந்தோஷமாக இருக்கிறாள். நல்லதுதானே? நல்லதுதான்... ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை.

அப்போதுதான் ஜரீனா உள்ளே வந்தாள். ஸ்டெல்லாவின் இடத்துக்குக் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் சின்ன வயசு டீச்சர். நேராகப் போய் ஸ்டெல்லாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது. தலையை ஆட்டிவைத்தேன், அவ்வளவுதான். இரண்டு பேரும் அவரவர் பிளானை எழுதிக்கொண்டிருந்தோம்.

அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "நீங்க பாடம் நடத்துனது வெளிய கேட்டுச்சு மிஸ். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கடல்ல மிதக்குற போட்டு, நோணாங்குப்பம் ஆத்துக்குள்ள வந்தா கொஞ்சம் கீழ இறங்குமா?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீரில் உப்பு குறைந்தால் இறங்கும்தான். என் பிளானில் அது இல்லவே இல்லை!

"அங்க போட் ஹவுஸ் பாக்கப் போனீங்களா?"

"ஞாயித்துக்கிழமை போனேன் மிஸ். தனியாத்தான். ரூம்ல உக்காந்திருக்க முடியல."

கணவரும் குழந்தையும் காரைக்காலில். இவளுக்கு முத்தியால்பேட்டையில் ஒற்றை அறை. தனியாக இருப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவையாம்.

கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு மட்டும்னா எவ்ளோ மிஸ் அரிசி போடணும்? தினமும் மிஞ்சிப் போவுது."

சிரிக்க வேண்டிய கேள்வி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அளவு கைக்குப் படிவதற்குள், மிஞ்சிய சோற்றில் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பேன்!

"அரை டம்ளர்," என்றேன். "ஆனா நாளைக்கு நீங்க சமைக்காதீங்க. நான் எடுத்துட்டு வரேன்."

மறுநாள் காலை முழு டம்ளர் அரிசி களைந்து போட்டேன். சோறு குழைந்துவிட்டது – இரண்டு பேருக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது!