நாமம் போட்ட கூன்வண்டுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். மீதி நேரமெல்லாம் கூன்வண்டுதான். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி, ஆனால் மூக்கு மட்டும் துதிக்கை மாதிரி நீண்டிருக்கும். திருப்புட்குழிப் பக்கத்துக் கத்தரித் தோட்டங்களில் இலையைக் கொறித்துக்கொண்டிருந்த அந்தச் சனியன்களைப் பிடித்து, அட்டை முனையில் கோந்து வைத்து ஒட்டி, அந்தப் பேரினத்துக்குள் எத்தனை இனம் என்று பிரிப்பதுதான் என் ஆராய்ச்சி. துணைக்கு அதே துறையில் வேலை பார்த்த ஒருவர். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மசியவில்லை. இரண்டு வீடும் ஐயங்கார்தான், ஆனால் நாங்கள் சின்னக் காஞ்சிபுரத்து வடகலை, அவர் தென்கலை. "பையன் தங்கம்தான். நாமத்துல பாதம் இருக்கே, என்ன பண்றது?" என்பார். தென்கலை நாமம் பாதம் வைத்து மூக்கில் இறங்கும், எங்களுடையது புருவத்தோடு நின்றுவிடும். இந்த ஒரு விரற்கடையில் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வண்டுகளின் நெற்றியிலும் வெள்ளைச் செதில்! சிலதுக்கு லாடம் மாதிரி வளைந்து, சிலதுக்கு அந்த வளைவிலிருந்து ஒரு கோடு மூக்கில் இறங்கி. இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு பெட்டி எடுத்து வடகலை, தென்கலை என்றே சீட்டு ஒட்டினோம். இரண்டும் வேறு வேறு இனம், அதில் ஒன்று உலகம் அறியாத புது இனம் என்று முடிவே கட்டிவிட்டோம். வேறு ஊர்க்காரர்கள் முதலில் வயிற்றைப் பிரித்து ஆணா பெண்ணா என்று பார்த்திருப்பார்கள். எங்களுக்குத்தான் யாரைக் கண்டாலும் கண் நெற்றிக்குப் போகுமே!

என் வாய் சும்மா இருந்ததா? வீட்டில் போய் உளறிவைத்தேன். அப்பா துள்ளிக் குதிக்காத குறை.

"பாத்தியோ! பூச்சியிலகூடப் பகவான் தனித்தனியாத்தான் வச்சிருக்கான். இனிமே இந்தப் பேச்சே எடுக்கப்படாது!"

வேடிக்கை பண்ணப் போய் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கல்லூரியில் அவரிடம் சொன்னால், "உன்னை யாரு ஆத்துல போய்ச் சொல்லச் சொன்னா?" என்று அவர் பங்குக்கு எரிந்து விழுந்தார்.

அடுத்த முறை தோட்டத்தில் கண்ணாடிக் குழாய் போதவில்லை. இரண்டு கட்சியையும் ஒரே குழாயில் அடைத்துக் கொண்டுவந்தேன். கல்லூரி மேசையில் வைத்ததும் அவர் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இங்க வந்து பாரேன். உங்காத்து மேல எங்காத்து ஏறி உக்காந்துண்டிருக்கு."

அவசர அவசரமாகப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக வயிற்றைப் பிரித்தோம். வடகலை அத்தனையும் பெண், தென்கலை அத்தனையும் ஆண். புது இனம் போயே போய்விட்டது. டாக்டர் பட்டம் தள்ளிப்போகும் என்று அவர் முகம் தொங்கியது. எனக்கு வருத்தமா? வாயெல்லாம் பல்!

குழாயையும் ஒரு லென்ஸையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே இனம்தான் அப்பா. ஆம்படையான், பெண்டாட்டி" என்றேன்.

"எது ஆம்படையான்?"

"பாதம் வச்சது."

கனைத்துக்கொண்டார். "அதுகளுக்குப் பொறக்கறது எந்தக் கலை?"

"பிள்ளைன்னா அப்பா மாதிரி. பொண்ணுன்னா அம்மா மாதிரி."

லென்ஸை என் கையில் திணித்துவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா நீ பொண்ணாவே பெத்துக்கோ."