முதல் மூன்று படங்கள்

அப்பாவை அலுவலகத்தில் எல்லோரும் பூனைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்கு வருடம் மழைக்காட்டில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டியவர். யானை முதல் எலிவரை எல்லாம் வந்து போஸ் கொடுத்தன. அவர் காத்திருந்த பொன்னிறக் காட்டுப்பூனை மட்டும் கண்ணில் படவே இல்லை.

முழங்கால் உயரத்தில் கேமராவைக் கட்டியதும், அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் முன்னால் எதுவாவது நடக்க வேண்டும். அப்பா தவழ்ந்து போவார். அதனால் ஒவ்வொரு மெமரி கார்டிலும் முதல் மூன்று படங்களில் அவர்தான் இருப்பார்.

"பூனை கிடைச்சிருச்சுப்பா! கொஞ்சம் வயசான பூனை" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"மீசை இருக்குல்ல, அது போதும்" என்பார் அப்பா.

கார்டுக்குப் பத்தாயிரம் படங்கள். பாதிக்கு மேல் காற்றில் ஆடிய இலைகள். அவர் கண் சிவக்க உட்கார்ந்து பார்ப்பதைச் சகிக்காமல், கணினிப் பொறியாளரான மகள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். பழைய படங்களையும் சேர்த்து அலசி, விலங்கு இருந்தால் வைத்துக்கொள்ளும். இலையோ மனிதரோ என்றால் அழித்துவிடும்.

"என்னையே தூக்கிப் போட்டுருச்சு எம்பொண்ணு புரோகிராம்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். சுவரில் மாட்ட ஒரு படம் தேடினார்கள். வீட்டுப் படங்கள் எல்லாமே அவர் எடுத்தவை. யாராவது போனை நீட்டினால், பிடுங்கி அவர்களையே எடுப்பார். அடையாள அட்டையில் இருந்த முகத்தின் மேல் முத்திரை விழுந்திருந்தது.

மகள் தன் புரோகிராமின் பதிவைத் திறந்தாள். மனிதர், அழிக்கப்பட்டவை: 2,316.

"ஒரு கேமரா இன்னும் காட்டுலதாம்மா இருக்கு. அவர் கடைசியா கட்டினது" என்றார் அப்பாவோடு வேலை செய்தவர்.

அட்டைப்பூச்சிகள் கடிக்க அவருடன் மூன்று மணி நேரம் நடந்துபோய், கார்டை எடுத்து வந்தாள். புரோகிராமில் போடவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

முதல் படத்தில் மண்ணில் ஊன்றிய கை. இரண்டாவதில் வியர்வையில் ஒட்டிய சட்டை, முதுகு. மூன்றாவதில், கேமராவின் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்க முகத்தை அதற்கு மிக அருகே கொண்டுவந்திருந்தார். படம் முழுக்க வெள்ளை மூட்டம். ஓரத்தில் ஒரு காது.

அம்மா உள்ளங்கையால் திரையைத் துடைத்தாள்.

"அழுக்கு இல்லம்மா. காலைக் குளிர்ல அப்பா விட்ட மூச்சு. கண்ணாடியில படிஞ்சிருக்கு."

அம்மா கையை எடுக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் பொன்னிறப் பூனை நின்றது. அப்பா போன ஒன்பதாம் நாள், காலை பதினொன்று பத்து. நேராகக் கேமராவைப் பார்த்தது. மீசை முடி ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது.

"வந்தது வந்துச்சு, பத்து நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று அம்மா அதைத் திட்டினாள்.

மகள் பூனையின் படத்தை அப்பாவின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது படத்தைச் சட்டம் போடக் கொடுத்தாள்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேங்க. வேற படம் இல்லையா?"

"இருந்துச்சு. நான்தான் அழிச்சுட்டேன்."